எந்தக் காரின் பாகம் இது? பழைய கிட் கார் கேள்வி–பதில்

உடலையும் அதைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேஸிஸையும் மட்டும் உதிரியாக வாங்கி, இன்ஜின், கியர்பாக்ஸ், அச்சு, பிரேக் எல்லாவற்றையும் வேறொரு பழைய காரிலிருந்து கழற்றிப் பூட்டிக்கொள்வதுதான் கிட் கார். உறுப்புதானம் செய்த அந்தப் பழைய காருக்கு டோனர் என்று பெயர். 1957-இல் வந்த லோட்டஸ் செவன், 1960-களில் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் அடித்தளத்தை வெட்டிக் குறுக்கி அதன்மேல் ஃபைபர் (கண்ணாடி இழை) உடலை வைத்த, மணலில் ஓட்டும் திறந்த வண்டியான மேயர்ஸ் மேங்ஸ் பக்கி ஆகிய இரண்டையும் பார்த்துப் பிறந்தவை ஏராளம். பிரிட்டனில் முழுக் காருக்கு இருந்த கொள்முதல் வரி, உதிரியாக விற்றால் கிடையாது; 1973-இல் அந்த வரி போகும்வரை இந்த வியாபாரம் கொழித்தது. அப்போதும் அதற்குப் பிறகும் பூட்டப்பட்டு, கைமாறிக் கைமாறி வந்த வண்டிகளைப் பற்றித்தான் இந்த முறை கடிதங்கள் வந்திருக்கின்றன. படித்துப் பார்த்தால், முக்கால்வாசித் தொல்லை இரண்டு வெவ்வேறு கார்களின் பாகங்கள் சந்திக்கும் இடத்தில் கிளம்புகிறது.

கேள்வி: முன்சக்கர பேரிங்கும் பிரேக் பேடும் மாற்ற வேண்டும். கடையில் "எந்த வண்டி, எந்த வருஷம்?" என்று கேட்கிறார்கள். பதிவுப் புத்தகத்தில் உள்ள ஆண்டைச் சொல்லி மூன்று தடவை வாங்கிவிட்டேன். மூன்றும் சேரவில்லை. என்ன சொல்லித்தான் வாங்குவது?

பதில்: அளவைச் சொல்லி வாங்குங்கள். பதிவுப் புத்தகத்தில் இருப்பது பெரும்பாலும் கார் பூட்டி முடிந்து சாலைக்கு வந்த ஆண்டு. டோனர் அதைவிடப் பத்துப் பதினைந்து வருடம் மூத்ததாக இருக்கலாம். போதாக்குறைக்கு, முன்பக்கம் ஒரு கார், பின் அச்சு இன்னொரு கார், ஸ்டீயரிங் மூன்றாவது கார் என்று கலந்து கிடப்பதும் சகஜம்.

பேரிங்கைக் கழற்றித் துடைத்து, ஓரத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் படியுங்கள். 6203 என்றால் உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மி.மீ. 6204 என்றால் 20, 47, 14. யார் தயாரித்தாலும் இந்த அளவு மாறாது. எண்ணுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வருவதையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். 2ஆர்எஸ் என்றால் இரண்டு பக்கமும் ரப்பர் மூடி. இசட்இசட் என்றால் தகர மூடி. சி3 என்றால் உள்ளே குண்டுகளுக்கு இடைவெளி சற்று அதிகம். டேப்பர் ரோலர் பேரிங்காக இருந்தால் உள்வளையத்துக்கு ஒரு எண், வெளிவளையத்துக்கு ஒரு எண். இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஆயில் சீலில் 35-52-7 என்று இருந்தால் அது உள்விட்டம், வெளிவிட்டம், அகலம். ஃபேன் பெல்ட்டில் 10×900 என்றால் அகலம் 10, நீளம் 900 மி.மீ.

பேடில் எண் அழிந்திருக்கும். அதை வெள்ளைத்தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரையுங்கள். நீளம், உயரம், இரும்புத் தகட்டோடு சேர்த்துத் தடிமன், பிடிப்பு ஊசி செருகும் துளைகள் இருந்தால் அவற்றின் மையத்துக்கு மையம் எவ்வளவு என்பதெல்லாம் அந்தத் தாளிலேயே இருக்கட்டும். டிஸ்க்கின் விட்டமும் தடிமனும் கூடவே வேண்டும். அந்தத் தாளைக் கடையில் நீட்டினால் போதும், வருஷம் கேட்க மாட்டார்கள்.

ஒரே ஒரு இடத்தில் அளவு மட்டும் பார்த்தால் உயிருக்கே ஆபத்து. அது பிரேக் பைப்பின் மரை. பழைய பிரிட்டிஷ் பாகங்களில் 3/8 அங்குல யுஎன்எஃப் (அங்குல முறை மரை), அங்குலத்துக்கு 24 மரை. மற்ற பெரும்பாலான கார்களில் எம்10 (மில்லிமீட்டர் முறை மரை), மரைக்கு மரை 1 மி.மீ. முன்னதன் விட்டம் 9.5 மி.மீ., பின்னது 10. மரை இடைவெளியோ 1.06-க்கு 1. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். 3/8 நட்டு எம்10 துளைக்குள் சுலபமாக ஏறும், இறுகியது போலவும் தோன்றும்; அவசரமாக பிரேக்கை மிதிக்கும் நாளில் மரை சிதைந்து கழன்றுவிடும். எதிர்மாறாகப் போட்டால் ஒன்றிரண்டு சுற்றிலேயே இறுகி நிற்கும், அதையும் ஸ்பேனர் போட்டு ஏற்றிவிடுபவர்கள் உண்டு. மரை இடைவெளியை அளக்கும் த்ரெட் கேஜ் வைத்துப் பாருங்கள். விரலால் ஆட்டமில்லாமல் கடைசிவரை ஏறினால் மட்டும் ஸ்பேனரைத் தொடுங்கள்.

கேள்வி: வலப்பக்க இண்டிகேட்டர் போட்டால் பின்னால் பிரேக் லைட்டும் சேர்ந்து மங்கலாக மினுக்குகிறது. பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் ஒரே நேரத்தில் மேலே ஏறி நிற்கின்றன. பல்ப், ஃபியூஸ், ஃபிளாஷர் எல்லாம் புதிது.

பதில்: இரண்டுமே எர்த் கோளாறு, அதாவது மின்சாரம் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் வழியில் கோளாறு. புதிதாக வாங்கிப் போட்டவற்றில் எதற்கும் அதில் பங்கில்லை.

டோனர் காரில் உடல் முழுவதும் இரும்பு. லைட்டைத் திருகி வைத்தாலே எர்த் கிடைத்துவிடும். அதே லைட்டை ஃபைபர் உடலில் திருகினால் மின்சாரம் திரும்பிப் போக வழியே இல்லை. பூட்டியவர் கறுப்பு ஒயர் ஒன்றை இழுத்து எங்கோ சேஸிஸில் கட்டியிருப்பார். இருபது வருடத்தில் அந்த முனை துருப்பிடித்திருக்கும். எர்த் கிடைக்காத இண்டிகேட்டர் மின்சாரம், அதே லைட்டில் இருக்கும் பிரேக் பல்பின் இழை வழியாகத் தலைகீழாக ஓடி வேறு எர்த்தைத் தேடுகிறது. மினுக்கல் அதுதான்.

கண்டுபிடிக்க மல்டிமீட்டர் போதும். 20 வோல்ட் டி.சி.யில் வையுங்கள். கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்தின் மேலேயே வையுங்கள், கிளாம்ப்பின் மேல் வேண்டாம். இண்டிகேட்டரை எரியவிட்டு, சிவப்பு முனையால் லைட்டின் எர்த் தகட்டைத் தொடுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்ல எர்த். உங்கள் வண்டியில் ஒன்றோ இரண்டோ காட்டும். இனி சிவப்பு முனையைப் படிப்படியாக பேட்டரியை நோக்கி நகர்த்துங்கள்: ஒயரின் மறுமுனை, அது கட்டியிருக்கும் போல்ட்டு, பக்கத்தில் சுரண்டிய சேஸிஸ் இரும்பு, பேட்டரி கிளாம்ப். எந்த இரண்டு இடங்களுக்கு நடுவே எண் சட்டென்று விழுகிறதோ, அங்கேதான் கோளாறு. லைட் எரியாமல் பார்த்தால் எல்லா எர்த்தும் நல்ல எர்த்தாகத்தான் காட்டும். ஓம்ஸில் வைத்துப் பார்த்து "சரியாகத்தானே இருக்கிறது" என்று ஏமாறுவதும் இப்படித்தான்.

ஒவ்வொரு முனையாக ஒட்டுப் போட்டுக்கொண்டிருக்காதீர்கள். பின்னால் ஒரு பித்தளைப் பட்டை, முன்னால் ஒன்று, டேஷ்போர்டுக்குப் பின்னே ஒன்று பொருத்துங்கள். அந்தந்தப் பக்கத்து எர்த் ஒயர் எல்லாம் அந்தப் பட்டைக்கு வரட்டும், லைட்டுக்கு 1.5 முதல் 2 சதுர மி.மீ. ஒயர் போதும். பட்டையிலிருந்து தடித்த ஒயர் ஒன்று சேஸிஸின் பொது எர்த் போல்ட்டுக்குப் போகட்டும். அந்த இடத்தில் பவுடர் கோட் பூச்சைப் பளபளவென்று இரும்பு தெரியச் சுரண்டி, பல் வாஷர் வைத்து இறுக்கி, மேலே வாஸ்லைன் பூசிவிடுங்கள். ஒயரை வெட்டாமலே கடித்து இணைக்கும் நீல நிற கிளிப் கண்ணில் பட்டால் அதையும் அப்போதே கழற்றிவிடுங்கள். அதன் பல் ஒயரின் பாதி இழைகளை அறுத்திருக்கும்.

முள் இரண்டும் சேர்ந்து ஏறுவது தனிக்கதை. பழைய ஸ்மித்ஸ் மீட்டர்களுக்கு 10 வோல்ட்தான் போக வேண்டும். மீட்டருக்குப் பின்னால் தீப்பெட்டி அளவில் இருக்கும் ஸ்டெபிலைசர், 12 வோல்ட்டை விட்டு விட்டுத் தந்து சராசரியாகப் பத்தாக்குகிறது. விட்டு விட்டுத் தர, உள்ளே ஒரு கம்பி சூடாக வேண்டும். அந்தக் கம்பி சூடாக, ஸ்டெபிலைசரின் கூட்டுக்கு எர்த் வேண்டும். மர டேஷிலோ ஃபைபர் டேஷிலோ திருகினால் அது கிடைக்காது. முழு 12 வோல்ட்டும் மீட்டருக்குப் போய், டேங்க் நிறைந்தது போலவும் இன்ஜின் கொதிப்பது போலவும் காட்டும். கூட்டின் திருகில் ஒரு கறுப்பு ஒயரைக் கட்டினால் வேலை முடிந்தது.

கேள்வி: செல்ஃப் அடிக்கும்போது சோக் கேபிள் கை வைக்க முடியாத அளவு சுடுகிறது. இது எப்படி?

பதில்: இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே இருக்க வேண்டிய தடித்த எர்த் பட்டை அறுந்திருக்கிறது, அல்லது பூட்டும்போதே மறந்துவிட்டார்கள். இன்ஜின் ரப்பர் மவுன்ட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது; ரப்பர் மின்சாரம் கடத்தாது. செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அவ்வளவும் சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் என்று கிடைத்த கம்பி வழியாகப் போகிறது. இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் பெல் ஹவுசிங்கின் ஒரு போல்ட்டிலிருந்து சேஸிஸுக்கு 25 சதுர மி.மீ. கேபிள் ஒன்றை இன்றே கட்டுங்கள். கட்டிய பிறகு ஆக்சிலரேட்டர் கேபிளையும் மாற்றிவிடுங்கள். உள்ளே கம்பி உருகி உறையோடு ஒட்டியிருந்தால், மிதித்த ஆக்சிலரேட்டர் திரும்பி வராது.

கேள்வி: ஓட்டத்தில் சூடு ஏறுவதில்லை. நெரிசலில் நின்றால் ஐந்து நிமிடத்தில் கொதிக்கிறது. சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டேன், பெரிய ரேடியேட்டரும் வைத்தாயிற்று.

பதில்: ஓடும்போது கொதித்தால் தண்ணீர் ஓட்டத்தைச் சந்தேகிக்கலாம்; நிற்கும்போது கொதித்தால் காற்றைச் சந்தேகிக்க வேண்டும். உங்களுடையது காற்று. ஃபேன் சுற்றும்போது ரேடியேட்டரின் முன்பக்கம் ஒரு தாளைப் பிடியுங்கள். தாள் ரேடியேட்டரோடு போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். தள்ளிவிட்டால் ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது. பிளஸ், மைனஸ் ஒயர்களை மாற்றிப் போடுங்கள். மாற்றிய பிறகும் காற்று மந்தமாக இருந்தால் இலைகளைக் கழற்றித் திருப்பிப் போட வேண்டியிருக்கும். இழுக்கும் ஃபேன், தள்ளும் ஃபேன் என்று இலையின் வளைவு மாறும்.

அடுத்தது மூக்கு. கிட் கார்களில் முன்வாய்க்கும் ரேடியேட்டருக்கும் நடுவே நாலு பக்கமும் திறந்து கிடக்கும். காற்று சோம்பேறி; ரேடியேட்டர் துடுப்புகளுக்குள் நெருக்கிக்கொண்டு போவதைவிடச் சுற்றிக்கொண்டு போய்விடும். அதைவிட மோசம், ஃபேன் பின்னால் தள்ளிய சூடான காற்றே பக்கவாட்டு இடைவெளி வழியாக முன்னால் வந்து மறுபடி உள்ளே போகும். அலுமினியத் தகடும் ரப்பர் விளிம்பும் வைத்து அந்த இடைவெளிகளை அடைத்துப் பாருங்கள். பெரிய ரேடியேட்டர் வாங்கியதைவிட இது அதிகம் உதவும்.

தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடுங்கள். அது இல்லாவிட்டால் இன்ஜின் சூடேற நேரமாகும், பெட்ரோல் அதிகம் குடிக்கும், நெரிசலில் கொதிப்பது மட்டும் நிற்காது. நல்லதா என்று பார்க்க, பாத்திரத்துத் தண்ணீரில் நூலில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். மேலே பொறித்திருக்கும் 82 அல்லது 88 டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்க வேண்டும். ஃபேன் சுவிட்ச் அதைவிடச் சில டிகிரி மேலே இருக்கட்டும். 82 தெர்மோஸ்டாட்டுக்கு 92-இல் போட்டு 87-இல் அணைக்கும் சுவிட்ச் பொருத்தம்.

ரேடியேட்டர் மூக்கில் தாழ்வாகவும் இன்ஜின் அதைவிட உயரமாகவும் இருக்கும் வண்டியில் ஏர் லாக் சுலபமாக வரும். தண்ணீர் ஊற்றும் ஹெடர் டேங்க் எல்லாவற்றுக்கும் மேலே இருக்க வேண்டும். அப்படி இல்லாவிட்டால் அந்தப் பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்குங்கள். ஹீட்டரைத் திறந்துவைத்து, பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்த தண்ணீரை மெதுவாக ஊற்றி, மேல் ஹோஸைக் கையால் பிசைந்து பிசைந்து குமிழியை வெளியேற்றுங்கள். ரேடியேட்டரின் மேல்மூலையில் பிளீடர் திருகு இருந்தால் தண்ணீர் வழியும்வரை திறந்தே இருக்கட்டும். டெம்பரேச்சர் சென்சார் காற்றுக் குமிழிக்குள் மாட்டிக்கொண்டால் இன்ஜின் கொதித்தாலும் முள் கீழேயே கிடக்கும். முள் காட்டவில்லையே என்று சூட்டோடு மூடியைத் திறந்துவிடாதீர்கள்.

கேள்வி: நாலு தடவை ஏர் எடுத்தும் (பிரேக் எண்ணெயில் சிக்கிய காற்றை வெளியேற்றியும்) பிரேக் பெடல் மெத்தென்று இறங்குகிறது. பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் புதிது. லீக் எங்கும் இல்லை.

பதில்: முதலில், டிஸ்க்கைக் கவ்வும் முன் காலிப்பரில் காற்றை வெளியேற்றத் திறக்கும் பிளீடிங் நிப்பிள் மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று பாருங்கள். டோனர் காரில் டிஸ்க்குக்கு முன்னால் இருந்த காலிப்பரை, கிட்டின் அமைப்புக்காகப் பின்னால் மாட்டும்போது இடது, வலது மாறிப்போகும். நிப்பிள் கீழே போய்விட்டால் காற்று மேலேயே தங்கும். நாற்பது தடவை எடுத்தாலும் வராது. காலிப்பர்களை இடம் மாற்றிப் பூட்டுங்கள். மாற்ற முடியாத அமைப்பானால் காலிப்பரை மட்டும் கழற்றி, பிஸ்டன்கள் வெளியே வராமல் நடுவில் டிஸ்க் தடிமனில் ஒரு கட்டையை வைத்து, நிப்பிள் மேலே இருக்கும்படி பிடித்துக்கொண்டு ஏர் எடுங்கள்.

அது சரியாக இருந்தால், வழுவழுப்பான வாய் உள்ள ஹோஸ் கிளாம்ப்பால் ரப்பர் ஹோஸ்களை எல்லாம் அடைத்துவிட்டு மிதியுங்கள். பெடல் கல் மாதிரி நின்றால் மாஸ்டர் சிலிண்டர் நல்லது. ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே வாருங்கள். எதைத் திறந்தபோது பெடல் இறங்குகிறதோ, அந்தச் சக்கரத்தில் வேலை இருக்கிறது. பின்னால் டிரம் என்றால் அநேகமாக அங்கேதான் இறங்கும். லைனர் டிரம்மை விட்டு வெகுதூரம் விலகி இருக்கும். அட்ஜஸ்டரைச் சக்கரம் பூட்டும்வரை திருகி, லேசாக உரசும் அளவுக்குத் தளர்த்துங்கள். இது காற்றே அல்ல. ஆனால் காலுக்குக் காற்று போலத்தான் தெரியும்.

அடைத்த பிறகும் பெடல் மெத்தென்றே இருந்தால் ஒருவரை மிதிக்கச் சொல்லிவிட்டு, மாஸ்டர் சிலிண்டர் பொருத்திய சுவரைக் கவனியுங்கள். மெல்லிய அலுமினியத் தகட்டில் பொருத்தியிருந்தால் மிதிக்கும்போது சுவரே முன்னால் வளையும். 3 மி.மீ. எஃகுத் தகடு ஒன்றைப் பின்னால் கொடுத்து, சேஸிஸ் குழாயோடு பிணைக்க வேண்டும். மாஸ்டர் சிலிண்டர் தரைக்கு அருகில், காலிப்பரைவிடத் தாழ்வாக இருக்கும் வண்டிகளில் எண்ணெய் பின்னோக்கி வடியும். அதற்கு, பைப்பில் கொஞ்சம் அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் ரெசிடுவல் வால்வு என்று ஒன்று உண்டு. டிஸ்க்குக்கு 2 பிஎஸ்ஐ, டிரம்முக்கு 10 பிஎஸ்ஐ. மாற்றிப் போட்டால் டிஸ்க் உரசிக்கொண்டே இருக்கும்.

புதிய மாஸ்டர் சிலிண்டர் எந்த அளவு? 3/4 அங்குலத்துக்குப் பதில் 5/8 வாங்கியிருந்தால், அதே மிதிக்கு 44 சதவீதம் அதிக அழுத்தம் கிடைக்கும். பெடல் ஓட்டமும் அதே 44 சதவீதம் கூடும். பூஸ்டர் இல்லாத வண்டியில் வேண்டுமென்றே சிறியதைப் போடுவார்கள். அப்படியானால் கொஞ்சம் ஆழமாக இறங்குவது குறையல்ல. புஷ் ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே ஒரு மி.மீ. அளவு ஆட்டம் இருக்கட்டும். ஆட்டமே இல்லாவிட்டால் எண்ணெய் திரும்பும் துளை மூடிக்கொண்டு, ஓட்ட ஓட்ட பிரேக் தானாகப் பிடிக்கும்.

ஏர் எடுக்கும்போது, மாஸ்டர் சிலிண்டர் பழையதாக இருந்தால் பெடலை அடிவரை மிதிக்காதீர்கள். கீழே ஒரு மரக்கட்டையை வையுங்கள். வழக்கமாக பிஸ்டன் போகாத ஆழத்தில் துரு இருக்கும். ரப்பர் அதில் உரசிக் கிழியும். பிரேக் எண்ணெய் டாட் 4 வகை. சிலிக்கான் வகையான டாட் 5-ஐ அதோடு கலக்கவே கூடாது. டாட் 5.1 வேறு, பெயர்தான் குழப்பும், அது டாட் 4-இன் இனம்.

கேள்வி: கதவு கீலைச் சுற்றி நட்சத்திரம் போல விரிசல். பட்டி பார்த்து பெயின்ட் அடித்தேன். ஆறு மாதத்தில் அதே இடத்தில் வந்துவிட்டது.

பதில்: பட்டிக்கு வலு கிடையாது. கீலின் பளுவைத் தாங்க முடியாமல் ஃபைபர் பின்னால் வளைவதால் மேலிருக்கும் கெட்டியான பூச்சு அடுக்கான ஜெல்கோட் வெடிக்கிறது. வைத்தியம் பின்பக்கம் தொடங்க வேண்டும்.

கீலைக் கழற்றி, உள்பக்கத்தை 40 அல்லது 60 நம்பர் உப்புத்தாளால் நன்றாகச் சொரசொரப்பாக்கி, அசிட்டோனால் துடையுங்கள். விரிசலின் ஒவ்வொரு நுனியிலும் 3 மி.மீ. துளை போட்டால் அது மேலே ஓடாது. உள்ளே மூன்று அடுக்கு கண்ணாடி இழை மேட். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட்டில் 20-க்கு 20 செ.மீ. துண்டு மூன்று என்றால் மேட் 54 கிராம். அதற்கு இரண்டரை மடங்கு, அதாவது 135 கிராம் பாலியெஸ்டர் ரெசின். ஹார்ட்னர் ஒன்றரை சதவீதம், 2 கிராம். கண்ணளவில் ஊற்றாதீர்கள், கூடினால் புகைந்து வெடிப்பு விடும், குறைந்தால் வாரக்கணக்கில் பிசுபிசுக்கும். பிரஷ்ஷால் தடவுவதைவிடக் குத்திக் குத்தி வைத்து, மேட்டின் வெள்ளை நிறம் முழுவதும் மறைந்து கண்ணாடி போலாகும்வரை உருளையால் காற்றை விரட்டுங்கள். 20 டிகிரியில் கால் மணி நேரத்துக்குள் கட்டிப்படத் தொடங்கிவிடும் என்பதால் எல்லாத் துண்டுகளையும் முன்பே வெட்டி வையுங்கள்.

ஒரு நாள் காயவிட்டு, வெளியே விரிசலை வி வடிவில் ஃபைபர் தெரியும்வரை கீறித் திறந்து, ஜெல்கோட் நிரப்புங்கள். காற்றுப் படும் ஜெல்கோட்டின் மேற்பரப்பு காயாது. மெழுகு கலந்ததை வாங்குங்கள், இல்லாவிட்டால் பாலித்தீன் தாளால் மூடிவையுங்கள். 120-இல் தொடங்கி 800 வரை தேய்த்த பிறகு பெயின்ட். கீலைத் திரும்பப் பூட்டும்போது சின்ன வாஷருக்குப் பதில் உள்ளங்கை அகல எஃகுத் தகடு ஒன்றைப் பின்னால் கொடுங்கள். அதைச் செய்யாவிட்டால் மேலே சொன்ன எல்லாமே வீண்.

தேய்க்கும்போது தூசி முகமூடி, ஹார்ட்னரைத் தொடும்போது கண்ணாடி. ஒரு சொட்டு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். ரெசினோடு தனிப் புட்டியில் கோபால்ட் கொடுத்தால் அதை முதலில் ரெசினில் கலக்குங்கள், பிறகு ஹார்ட்னர். இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று சேர்த்தால் வெடிக்கும்.

கேள்வி: இருபது நிமிடம் நன்றாக ஓடிவிட்டு நின்றுவிடுகிறது. கால் மணி கழித்து ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது. இக்னிஷன் காயிலை மாற்றியும் பலனில்லை.

பதில்: அடுத்த முறை நின்றதும் வேறு எதையும் தொடாமல் பெட்ரோல் மூடியைத் திறங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே இழுத்தால் டேங்க்கின் மூச்சுக்குழாய் அடைத்திருக்கிறது. டோனரில் மூடியே மூச்சு விடும். கிட்டுக்கென்று வாங்கிப் போட்ட அழகு மூடியில் அந்த வசதி இருக்காது. டேங்க்கின் மேலிருந்து குழாய் ஒன்றை எடுத்து, மூடியின் உயரத்துக்கு மேலே ஒரு சுற்றுக் கொண்டுபோய்க் கீழே இறக்குங்கள். கவிழ்ந்தால் கொட்டாமலிருக்க அதில் ரோல்-ஓவர் வால்வும் வேண்டும்.

சத்தம் வராவிட்டால் எலெக்ட்ரிக் பம்ப் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அதற்குத் தள்ளத் தெரியும், இழுக்க வராது. இன்ஜின் பக்கத்தில் வைத்தால் சூட்டில் பெட்ரோல் ஆவியாகி நிற்கும். டேங்க்குக்கு அருகில், அதன் அடிமட்டத்துக்குக் கீழே வையுங்கள். வெபர் கார்புரேட்டருக்கு 2.5 முதல் 3.5 பிஎஸ்ஐ போதும். அதற்கு மேல் தந்தால் மிதவை ஊசி தாங்காமல் பெட்ரோல் வழியும். எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் ஹோஸ் தாங்காது; மேலே ஆர்9 என்று அச்சிட்டதை வாங்குங்கள்.

கேள்வி: ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டுகிறது. பின் அச்சை மாற்றிய பிறகுதான் இப்படி.

பதில்: கியர்பாக்ஸிலிருந்து கேபிள் போகும் வண்டியில் அப்படித்தான் ஆகும். 4.125 விகித அச்சை எடுத்துவிட்டு 3.54 போட்டிருந்தால் 3.54-ஐ 4.125-ஆல் வகுங்கள்: 0.86. நீங்கள் 100-இல் போகும்போது மீட்டர் 86 காட்டும். கியர்பாக்ஸில் உள்ள சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரத்தை அந்த விகிதத்துக்கு மாற்றலாம். டயர் மாற்றினால் விட்டத்தைக் கணக்கிடுங்கள். 175/70 ஆர்13-க்கு 575 மி.மீ.; 195/50 ஆர்15-க்கு 576. பார்வைக்கு வேறு, மீட்டருக்கு ஒன்றே.

கேள்வி: சேஸிஸ் பவுடர் கோட் இன்னும் பளபளக்கிறது. துரு இருக்க வாய்ப்பு உண்டா?

பதில்: பளபளப்பை நம்ப வேண்டாம். பவுடர் கோட்டில் கீறல் விழுந்தால் தண்ணீர் அதன் அடியில் படர்ந்து, தோல் மாதிரி பிரியும்வரை வெளியே தெரியாது. பல கிட்களில் 25 மி.மீ. சதுரக் குழாயின் சுவர் 1.6 மி.மீ.தான். அடிப்பக்கக் குழாய்களைச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். "டங்" என்பது "டொக்" என்று மாறும் இடத்தில் கூர்முனை ஊசியால் அழுத்துங்கள். உள்ளே போனால் குழாய் போயிற்று. சஸ்பென்ஷன் கைகள் பூட்டும் இடங்களையும் சீட்டுக்குக் கீழே உள்ள மூலைகளையும் இரண்டு தடவை பாருங்கள். அலுமினியத் தரையை இரும்போடு சேர்க்கும் ரிவெட் துளைகள் வழியாகத்தான் குழாய்க்குள் தண்ணீர் இறங்குகிறது. மாற்றும்போது மூடிய முனை ரிவெட் போட்டு, இரண்டு உலோகங்களுக்கும் நடுவே சீலன்ட் பூசுங்கள். குழாய்க்குள் துருவைத் தடுக்கும் கேவிட்டி வேக்ஸ்.

வெல்டிங் வைக்கும் முன் பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் கழற்றி, டேங்க்கை வண்டியிலிருந்து இறக்கி வெளியே வையுங்கள். ஃபைபர் உடல் தீப்பிடித்தால் அணைப்பது கடினம். முடிந்தால் உடலைத் தூக்கிவிட்டே வேலை செய்யுங்கள்.

கேள்வி: மழையில் கால் நனைகிறது. சீலன்ட் டியூப் டியூப்பாகத் தீர்ந்ததுதான் மிச்சம்.

பதில்: கதவு ரப்பரில் சாக்பீஸ் தூள் தடவி, கதவைச் சாத்தித் திறங்கள். தூள் ஒட்டாத இடத்தில் ரப்பர் தொடவே இல்லை. கீலையும் பூட்டையும் நகர்த்தித்தான் அதைச் சரிசெய்ய முடியும். நின்றிருக்கும்போது வறண்டு, ஓடும்போது மட்டும் நனைந்தால் சக்கர வளைவையும் பெடல் துளைகளையும் பாருங்கள். செவன் பாணித் திறந்த வண்டி என்றால், தரையின் மிகத் தாழ்ந்த இடத்தில் 8 மி.மீ. துளை ஒன்று போட்டு ரப்பர் அடைப்பு வைத்துவிடுங்கள். தண்ணீர் வரத்தான் செய்யும். போகவாவது வழி இருக்கட்டும்.